பிறந்தநாள் இனிப்பை அளந்து செய்வோம்

நீரிழிவு உள்ள குழந்தையின் பிறந்தநாள் நெருங்கும்போது பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அன்று ஒரு நாள் மட்டும் இனிப்புக் கொடுக்கலாமா, டாக்டர்?" கேட்கும் குரலிலேயே, "கூடாது" என்ற பதிலுக்கு ஆயத்தமாகிவிட்ட சோர்வு தெரியும். அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்குப் பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பல, அந்தப் பதிலை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஏற்கெனவே பெற்றுக்கொண்டுதான் வருகின்றன. எங்கள் கருத்து வேறு. கொடுக்கலாம். ஆனால் அந்த இனிப்பில் என்ன இருக்கிறது, ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறது என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள மிக எளிய வழி, அதை வீட்டிலேயே செய்வது.

இனிப்பைக் கண்ணில் காட்டவே கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்னர், முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகளை மருத்துவர்கள் ஏறக்குறையப் பட்டினி போட்டே சில மாதங்கள் உயிருடன் வைத்திருந்தார்கள். உணவைக் குறைப்பதைத் தவிர அவர்களிடம் வேறு மருந்து இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. சிகிச்சை மாறிவிட்டது; விதி மட்டும் பல வீடுகளில் மாறாமல் நிற்கிறது.

அந்த விதியால் விளைவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பிறந்தநாளன்று புத்தாடை உடுத்தி, வகுப்பிலுள்ள அனைவருக்கும் மிட்டாய் வழங்கிவிட்டு, தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அமரும் குழந்தை ஓரிரு ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும். பிறகு புத்தகப் பைக்குள் உறைகள் கிடைக்கத் தொடங்கும். மறைத்துத் தின்னும் இனிப்புக்கு இன்சுலின் போட இயலாது. போட்டால் தின்றது தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே ஊசியும் தவறும். தாய் திட்டுவார் என்ற அச்சத்தில் குறிப்பேட்டில் எழுதும் எண்களும் மெல்ல மாறும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை உயர்ந்து வரும்போதுதான் வீட்டில் கேள்வி எழும். இத்தகைய குழந்தைகள் மயக்க நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்வதும் உண்டு. வெளிப்படையாக உண்ட ஒரு துண்டால் அந்த நிலைக்கு வந்த குழந்தையை விட, ஒளித்து உண்டு ஊசியைத் தவிர்த்ததால் வந்த குழந்தைகளையே நாங்கள் மிகுதியாகப் பார்க்கிறோம்.

எந்த இனிப்பைச் செய்வது? பாயசமும் கேசரியும் நம் வீடுகளின் பிறந்தநாள் பலகாரங்கள். அவற்றின் மீது எங்களுக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் கரண்டி அளவு கைக்குக் கை மாறும். குழந்தைகளும் இன்று மேசையின் நடுவே வைத்து வெட்டத்தக்க ஒன்றையே கேட்கிறார்கள். பேக்கரியில் வாங்கும் கேக்கில், மேலே பூசிய கிரீமில் எவ்வளவு சர்க்கரை, நடுவே ஊற்றிய பாகில் எவ்வளவு என்பதை விற்பவராலும் சொல்ல இயலாது. இவ்விரண்டுக்கும் இடையே நாங்கள் பரிந்துரைப்பது, பிஸ்கட் பொடியை அடித்தளமாக அழுத்தி, அதன் மீது சாக்லேட், தேங்காய், கடலை என அடுக்கி, சுண்டிய பாலை ஊற்றிச் சுட்டு, சதுரத் தட்டில் வில்லைகளாக வெட்டும் அடுக்கு இனிப்பு. அமெரிக்க வீடுகளில் நெடுங்காலமாகச் செய்யப்படுவது இது. இலங்கையில் மேரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாக்லேட் கிரீமுடன் மாறி மாறி அடுக்கும் பிஸ்கட் புட்டிங் இதற்கு உறவுமுறை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் உள்ளோர் அதை அறிந்திருப்பர். முட்டை தேவையில்லை என்பதால் சைவ வீடுகளிலும் தடையில்லை.

பிஸ்கட்டுக்கு நம் பகுதி புதிதன்று. பாடியில் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆலை பல பத்தாண்டுகள் அவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்கியது. வெண்ணெயும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. ஆவின் பால்பண்ணை அம்பத்தூரிலேயே இருக்கிறது. அந்த மேரி பிஸ்கட்டைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். 1874-இல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நடந்த திருமணத்தையொட்டி லண்டன் நிறுவனமொன்று உருவாக்கிய பிஸ்கட் அது. அரச குடும்பத்துத் திருமணத்துக்குப் பிறந்த அந்தப் பண்டம், நம் ஊரில் எப்படியோ நோயாளியின் உணவாகிவிட்டது. மருத்துவமனையில் எவரையேனும் காண வருவோர் கையில் ஆரஞ்சுப் பழமும் மேரி பிஸ்கட் பாக்கெட்டும் இல்லாமல் வருவது அரிது. எங்கள் வார்டுகளில் கட்டிலோர அலமாரியைத் திறந்தால் மூன்று பாக்கெட்டுகளாவது இருக்கும். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்து. அதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை. மாலைத் தேநீருடன் நான்கு மேரி பிஸ்கட் உண்பவர், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 18 கிராம் மாவுச்சத்தை எந்தக் குற்றவுணர்வும் இன்றி உண்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிறந்தநாள் இனிப்பைக் கண்டு அஞ்சுவோர் இந்த அன்றாட நான்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி அளவு. இங்குள்ள எண்கள் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பொருட்களின் உறைகளில் காணும் அளவுகளை ஒட்டியவை. நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

மேரி பிஸ்கட் 200 கிராம், உப்பிடாத வெண்ணெய் 80 கிராம், இனிப்பிட்ட சுண்டிய பால், அதாவது கடையில் மில்க்மெய்டு என்று கேட்டு வாங்குவது, 200 கிராம், கறுப்புச் சாக்லேட் 75 கிராம், துருவிய தேங்காய் 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கி உடைத்த வேர்க்கடலை 75 கிராம். பிஸ்கட்டை மிக்சியில் பொடித்து, உருக்கிய வெண்ணெயுடன் கலந்து, 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் வெண்ணெய்த் தாள் விரித்து, டம்ளரின் அடிப்பாகத்தால் இறுக அழுத்த வேண்டும். இந்த அழுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தளர விட்டால் வெட்டும்போது பொடிந்து, துண்டுகள் சமமாக வாரா. 180 பாகை சூட்டில் பத்து நிமிடம் சுட்ட பின், சாக்லேட்டை நறுக்கித் தூவி, தேங்காயும் கடலையும் பரப்பி, சுண்டிய பாலைச் சீராக ஊற்றி, ஓரங்கள் பொன்னிறமாகும் வரை இன்னும் 25 நிமிடம். பிறகு பொறுமை வேண்டும். முழுவதும் ஆறி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால்தான் கத்திக்கு இணங்கும்.

மாவுச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். பிஸ்கட்டில் சுமார் 155 கிராம், சுண்டிய பாலில் 110, சாக்லேட்டில் 38, கடலையிலும் தேங்காயிலும் சேர்த்து 16 அல்லது 17. வெண்ணெயில் இல்லை. மொத்தம் 320 கிராம் அளவில் வரும். குழந்தையின் பள்ளிப் பையிலிருக்கும் அளவுகோலை எடுத்து, ஒரு பக்கத்தை 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நான்காகவும், மறு பக்கத்தை இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக எட்டாகவும் வகுத்தால் 32 துண்டுகள். ஒரு துண்டுக்கு 10 கிராம். இந்தக் கணக்கைப் பத்து வயதுக் குழந்தை தானே போடும், போடச் சொல்லுங்கள். தன் நோயைத் தன் கையில் எடுத்துக்கொள்ள அந்தக் குழந்தைக்கு இதைவிட இனிய பாடம் கிடைக்குமா என்பது ஐயமே.

வெதுப்படுப்பு இல்லாத வீடுகளே நம் பகுதியில் மிகுதி. பழைய குக்கரின் அடியில் மணல் அல்லது உப்பைப் பரப்பி, அதன் மேல் தட்டுத்தாங்கியை வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடலாம். நீர் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் வெறுமனே சூடேற்றிய பின் தட்டை உள்ளே வைத்து, மிதமான தீயில் விட்டால் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். குக்கருக்குள் சதுரத் தட்டு நுழையாது என்பதால் மேற்சொன்ன அளவுகளில் சரிபாதியை எடுத்து, 16 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் செய்யுங்கள். வட்டத்தை இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாக வெட்டினால் அங்கும் துண்டுக்கு 10 கிராம்தான்.

ஒரு துண்டு என்பது மாவுச்சத்துக் கணக்கில் ஏறக்குறைய ஒரு சிறிய இட்லிக்கு ஈடு. மாவுச்சத்தில் மட்டும்தான் என்பதை மறவாதீர்கள். கொழுப்பு மிகுதியாதலால் ஒரு துண்டில் 100 கலோரியை ஒட்டி வரும். இட்லி அந்த அளவை நெருங்காது. சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 5 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளில் இத்தகைய சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது.

எங்கள் மருத்துவமனையில் உணவுக்கேற்ப இன்சுலின் அளவைக் கணக்கிடக் கற்ற குழந்தைகளுக்கு இது கடினமன்று. பத்து கிராமுக்கு ஓர் அலகு என்று எழுதித் தரப்பட்ட குழந்தை இரண்டு துண்டுகளுக்கு இரண்டு அலகு சேர்க்கும். இது எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் குழந்தைக்கு எழுதித் தரப்பட்ட விகிதமே உங்களுக்குப் பொருந்தும். விரைந்து செயல்படும் இன்சுலினை உண்பதற்கு 15 நிமிடம் முன்னர் போடுவது நன்று. கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆகையால் இரண்டு மணி நேரத்தில் பார்த்த எண் நன்றாக இருக்கிறதென்று நிம்மதியடைந்துவிடாமல், உறங்கும் முன் மீண்டும் ஒருமுறை பாருங்கள். விருந்தினர் குழந்தைகளோடு ஓடியாடினால் சர்க்கரை தாழ்வதும் உண்டு. அவ்வாறு தாழும்போது இந்த இனிப்பைக் கொடுத்து ஏற்ற முயலாதீர்கள். அதே கொழுப்பு அப்போது பகையாகும். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரை கரைத்த நீரோதான் அதற்கு மருந்து.

காலையும் மாலையும் நிலையான அளவில் கலவை இன்சுலின் போடும் குழந்தைகளுக்கு மேற்சொன்ன கூட்டல் பொருந்தாது. அவர்கள் மாற்றாக உண்ணலாம்: இரவு உணவில் இரண்டு இட்லியைக் குறைத்து இரண்டு துண்டு. மாத்திரை எடுத்துக்கொள்ளும் தாத்தா பாட்டியருக்கும் இதே முறைதான். அவர்களுக்கு ஒரு துண்டு போதும், உணவுக்குப் பின், சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர் என்று தெரிந்தது. பிறந்தநாள் மேசையைச் சுற்றி அமரும் பத்துப் பேரில் ஒருவருக்கேனும் இந்தக் கணக்கு தேவைப்படும் என்று கொள்வதே இனி நடைமுறை அறிவு. கேக் வெட்டும் நேரத்தில் பாட்டியை அடுக்களைக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை விட, அவர் தட்டில் அளந்த ஒன்றை வைப்பது கண்ணியமானது என்பது எங்கள் கருத்து.

வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. இதில் எங்களுக்குப் பெற்றோருடன் இடையறாத வழக்கு உண்டு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ இட்டால் இரத்தச் சர்க்கரை ஏறாது என்று உறுதியாக நம்புகிறார்கள். ஏறும். சுவையில் கருப்பட்டி உயர்ந்தது என்றால் ஒப்புக்கொள்கிறோம். குளுக்கோமீட்டர் அந்த வேறுபாட்டை அறியாது. சர்க்கரை இல்லாதது என்று உறையில் எழுதிய பிஸ்கட்டும் மைதாவால் ஆனதே, அந்த மைதாவும் உள்ளே சென்று குளுக்கோஸாகத்தான் மாறும். அந்த எழுத்தை நம்பி இரட்டிப்பாக உண்பவர்களைக் கண்டிருக்கிறோம்.

கொழுப்பிலும் கவனம் வேண்டும். வெண்ணெய் விலை மிகுதி என்று வனஸ்பதியை இடும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்த வரம்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பினும் உதிரியாக, உறையின்றி விற்கும் கொழுப்பில் என்ன இருக்கிறதென்று எவர் சொல்வார்? சாக்லேட்டிலும் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் வகை மலிவாகக் கிடைக்கும். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இதய நோயுள்ளோர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நன்று.

சிறுநீரகம் செயலிழந்தோரும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும் ஒரு துண்டைக்கூடத் தங்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ண வேண்டாம். சாக்லேட், கடலை, தேங்காய், பால் ஆகிய நான்கிலும் பொட்டாசியமோ பாஸ்பரஸோ மிகுதி. விருந்தினர் குழந்தைகளில் எவருக்கேனும் கடலை ஒவ்வாமை உண்டா என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் கடலையை உடைத்துப் போடாமல் நன்றாகப் பொடித்தே தூவ வேண்டும். மூச்சுக்குழலில் கடலைத் துண்டு சிக்கிய குழந்தையைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்ய யாருக்கு நேரம் என்ற வினா நியாயமானது. ஆவடித் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் முறைப்பணி செய்யும் பெற்றோர் பலர், பிறந்தநாளன்று விடுப்பு எடுப்பதே அரிது. அதனாலும் நாங்கள் இதைப் பரிந்துரைக்கிறோம். முந்தின நாள் இரவே செய்து குளிர வைத்துவிடலாம். கையில் பிடிக்கும் வேலை அரைமணி நேரத்துக்கு மேல் இராது. இந்த வேலை தாயின் தலையில் மட்டும் விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிஸ்கட்டைப் பொடிப்பதற்கும் தட்டை அழுத்துவதற்கும் தந்தையர் கைகள் நன்றாகவே பயன்படும்.

மிச்சத்தைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 32 துண்டுகளும் குளிர்பதனப் பெட்டியில் தங்கினால், மறுநாள் முதல் போகவர ஒவ்வொன்றாகக் குறையும். அவற்றுக்கு எந்தக் கணக்கும் இராது. விருந்து முடிந்த அன்றே எண்ணி, வந்தவர்கள் கையிலும் அண்டை வீடுகளுக்கும் கொடுத்தனுப்பிவிடுவது நல்லது. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாயின் வகுப்பாசிரியரிடம் ஒரு சீட்டில், இந்தத் துண்டில் 10 கிராம் மாவுச்சத்து, குழந்தை இன்ன நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு உண்ணும் என்று எழுதிக் கொடுங்கள்.

வேறு பிஸ்கட், வேறு சாக்லேட் கொண்டு செய்ய விரும்புவோர், வாங்கிய பாக்கெட்டுகளின் உறைகளைத் தூக்கி எறியாமல் அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள். உறையில் 100 கிராமுக்கு எவ்வளவு கார்போஹைட்ரேட் என்று அச்சிட்டிருக்கும் எண் இருந்தால் போதும். நீரிழிவுப் பிரிவின் உணவியலாளர் உங்களுடனும் குழந்தையுடனும் அமர்ந்து, எத்தனை துண்டாக வெட்ட வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத் தருவார்.